ராஃப்டிங் போக எந்த ஆறு, எந்தப் படகு? டர்பன் பக்கத்துத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று குவாசூலு-நாட்டாலில் இருந்து குடும்பமாகவோ நண்பர்களாகவோ வழிகாட்டியுடன் ராஃப்டிங் (காற்றடித்த படகில், வேகமாக ஓடும் ஆற்றில் துடுப்புப் போட்டுப் போவது) போக நினைப்பவர்களுக்கான பக்கம் இது. பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.

எனக்குத் தகுந்த பயணம் எது என்று எப்படி முடிவு செய்வது?

விளம்பரப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். படகில் உட்கார்ந்து வருவது யாருக்கும் முடியும். தண்ணீரில் விழுந்த பிறகு வரும் ஒன்றிரண்டு நிமிடங்களை உங்களால் தாங்க முடியுமா என்பதுதான் பார்க்க வேண்டியது. நல்ல நிறுவனம், நல்ல வழிகாட்டி, நல்ல வானிலை எல்லாம் அமைந்தாலும் விழத்தான் செய்வார்கள். ஆகவே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். விழுந்தால் அடுத்த அமைதியான மடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? தண்ணீர் எவ்வளவு குளிர்? படகைத் திருப்பப் போவது வழிகாட்டியா, நீங்களா? இந்த மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலானோர் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

கிரேடு 2, கிரேடு 3 என்கிறார்களே, அது என்ன?

ஆற்றில் பாறைக்கிடையே நுரைத்துப் பாயும் இடத்துக்கு ரேப்பிட் என்று பெயர். அதன் கடுமையை 1 முதல் 6 வரை எண்ணால் சொல்வார்கள். கிரேடு 1 என்றால் சிற்றலைதான். கிரேடு 2-இல் அலை கொஞ்சம் உயரும், ஆனால் போகவேண்டிய வழி மேலிருந்தே கண்ணுக்குத் தெரியும். கிரேடு 3-இல் அலைகள் ஒழுங்கில்லாமல் அடிக்கும், படகுக்குள் தண்ணீர் வரும், குறுகலான இடத்தில் படகைத் திருப்பியாக வேண்டும். கிரேடு 4-இல் வேகமும் நீளமும் கூடும். விழுந்தவர் பிறர் உதவியில்லாமல் கரையேறுவது கடினம். கிரேடு 5 நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு. கிரேடு 6-ஐ வணிகப் பயணத்தில் யாரும் ஓட்டுவதில்லை. படகைத் தூக்கிக்கொண்டு கரையோரம் நடப்பார்கள்.

இரண்டு எச்சரிக்கை. 'கிரேடு 2 முதல் 4 வரை' என்று எழுதியிருந்தால் அதை 4 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு 4-இல்தான் நீங்கள் விழப்போகிறீர்கள். அடுத்தது, இந்த எண் வழக்கமான நீர்மட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். இரவெல்லாம் டிராகன்ஸ்பெர்க் மலையில் மழை கொட்டினால் நேற்றைய கிரேடு 3 இன்று அப்படியே இருக்காது. சில இடங்களில் பாறைகள் மூழ்கி ரேப்பிட் எளிதாகவும் ஆகலாம், ஆனால் மடுக்கள் மறைந்து ஆறு ஒரே ஓட்டமாக ஆகிவிடும். விழுந்தால் நீண்ட தூரம் அடித்துக்கொண்டு போகும்.

பெரிய ராஃப்டா, இருவர் போகும் 'க்ராக்' படகா?

தென்னாப்பிரிக்காவில் இதைக் கேட்காமல் பணம் கட்டவே கூடாது. பெரிய ராஃப்டில் ஆறு முதல் எட்டுப் பேர் உட்காருவார்கள், பின்னால் வழிகாட்டி இருந்து படகைத் திருப்புவார். உங்கள் வேலை சொன்னபடி துடுப்புப் போடுவதுதான். க்ராக் என்பது இருவர் உட்காரும், காற்றடித்த சிறிய படகு. இதில் வழிகாட்டி உங்களுடன் இல்லை. தன் படகில் முன்னால் போய், எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கையைக் காட்டுவார். திருப்புவது நீங்களும் உங்களுடன் இருப்பவரும்தான். வால் ஆறு, ஆரஞ்சு ஆறு, துகெலா, உம்கோமாஸ் ஆகியவற்றில் க்ராக் மிகவும் வழக்கம்.

அதனால் க்ராக்கில் கிரேடு 3 போவது, வழிகாட்டியுடன் ராஃப்டில் கிரேடு 4 போவதைவிடக் கஷ்டமாக இருக்கலாம். கணவன் மனைவி இருவரும் முதல் தடவையாகச் சேர்ந்து க்ராக்கில் ஏறினால் முதல் மணி நேரம் ஆற்றோடு அல்ல, ஒருவரோடு ஒருவர்தான் சண்டை. பின்னால் இருப்பவர்தான் திருப்புகிறார்; முன்னால் இருப்பவர் வேகம் தருகிறார். கனமானவர் பின்னால் உட்காருவது நல்லது. பாறையில் படகு குறுக்கே மோதப் போகிறது என்றால் இருவரும் பாறையை நோக்கிச் சாய வேண்டும். பயத்தில் எல்லோரும் எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அப்போது மேல்நோக்கி இருக்கும் விளிம்பு தாழ்ந்து, அதன் வழியே தண்ணீர் உள்ளே ஏறி, படகு பாறையைச் சுற்றி மடங்கிச் சிக்கிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் எந்த ஆறுகள், எந்த மாதங்களில்?

குவாசூலு-நாட்டாலில் மழை கோடையில். நவம்பர் முதல் மார்ச் வரை ஆறுகளில் தண்ணீர் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் படகைக் கல்லின் மேல் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

உம்கோமாஸ் ஆற்றின் மேற்பகுதி, ரிச்மண்ட் அருகே ஹெல்லா ஹெல்லா பாலத்துக்குக் கீழே, டர்பன்காரர்களுக்குப் பக்கம். இந்த ஆற்றில் பெரிய அணை கிடையாது. மழை பெய்தால் ஏறும், நின்றால் இறங்கும். அழகான ஆறு, ஆனால் முதல் பயணத்துக்கு இதைச் சொல்லமாட்டோம். கொலென்சோவுக்குக் கீழே, வீனென் பக்கத்துத் துகெலாப் பள்ளத்தாக்கும் அப்படித்தான். நடுத்தர நீர்மட்டத்தில் கிரேடு 2-3 பகுதிகள் உண்டு, தண்ணீர் ஏறினால் 4. இந்த இடங்களில் இடையில் சாலை இல்லை. நடுவில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் வெளியேறுவது சுலபமில்லை.

நீச்சல் தெரிந்த முதல்முறைப் பெரியவர்களுக்கு எங்கள் தேர்வு ஃப்ரீ ஸ்டேட்டில், கிளாரன்ஸ் அருகே இருக்கும் ஆஷ் ஆறு. டர்பனிலிருந்து நாலரை, ஐந்து மணி நேரக் கார் பயணம். லெசோத்தோ மலைநாட்டு நீர்த்திட்டத்தின் தண்ணீர் கட்சே அணையிலிருந்து சுரங்கம் வழியாக வந்து இந்த ஆற்றில்தான் விழுகிறது. அங்கிருந்து அது வால் அணைக்குப் போய் ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்தின் குழாய்களுக்குச் சேர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 78 கோடி கன மீட்டர் என்றால், சராசரி நொடிக்குக் கிட்டத்தட்ட 25 கன மீட்டர். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஓடும், மட்டம் பெரிதாக ஏறி இறங்காது, ராஃப்டில் வழிகாட்டி உடன் இருப்பார். ரேப்பிட்கள் கடுமைதான், 4 வரைக்கும் உண்டு, இருந்தாலும் ஆற்றின் போக்கு முன்கூட்டியே தெரிந்தது. குறை ஒன்று: ஆழமான அணையின் அடித்தண்ணீர் என்பதால் கோடையிலும் நடுக்கும். இன்னொன்று: சுரங்கத்தைப் பராமரிப்புக்கு மூடினால் ராஃப்டிங்கும் இல்லை. 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை அப்படி ஆறு மாதம் மூடியிருந்தார்கள். விடுதி பதிவு செய்வதற்கு முன் தண்ணீர் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஃப்ரீ ஸ்டேட்டின் பாரிஸ் (Parys) நகரத்து வால் ஆறு கைக்கெட்டும் தூரம். பெரும்பாலும் எளிமையானது. ஆனால் வால் ஆற்றில் கழிவுநீர் கலக்கும் பிரச்சினை நீண்ட காலமாக உண்டு, வாயை மூடிக்கொண்டு விழுங்கள்.

குழந்தைகளோடு நான்கைந்து நாள் பயணம் வேண்டுமென்றால் நமீபியா எல்லையில் ஆரஞ்சு ஆறு. கிரேடு 1-2, அகலமான ஆறு, இரவில் ஆற்றங்கரையில் தூக்கம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், அதனால் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் நல்லது. எல்லை நதி என்பதால் பாஸ்போர்ட் எடுத்துப்போங்கள். கேப் டவுன்காரர்களுக்கு மழைக்காலம் வேறு: செடர்பெர்க் பக்கத்து டோரிங் ஆறு ஜூலை முதல் செப்டம்பர் வரைதான், குளிர்.

நீச்சல் தெரியாது. போகலாமா?

கிரேடு 2 வரை, வழிகாட்டி உள்ள ராஃப்டில், போகலாம். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும். அது செய்யாதது ஒன்று உண்டு: முகத்தில் தண்ணீர் அடித்தால் பதறாமல் இருக்கக் கற்றுத்தராது. நீச்சல் தெரியாதவர் மூழ்குவதைவிட, அலை இறங்குவதற்கு முன்பே மூச்சு இழுத்து நீர் குடித்துத் திணறுவதுதான் அதிகம்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நீச்சல் குளத்தில் சோதித்துப் பாருங்கள். மூக்கைப் பிடிக்காமல் தலையை நீரில் பத்து நொடி வைத்திருங்கள். பிறகு மல்லாந்து ஐந்து நிமிடம் மிதந்து, மற்றவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கட்டும். கடைசியாக உடுப்போடு 25 மீட்டர் எப்படியாவது போய்ச் சேருங்கள். மூன்றும் பதற்றமில்லாமல் முடிந்தால் கிரேடு 3 யோசிக்கலாம். முதலாவதிலேயே மூச்சு முட்டினால், வழிகாட்டி உள்ள ராஃப்டில் ஆரஞ்சு ஆற்றைப் பாருங்கள்.

கடலில் வளர்ந்தவர்கள் நாங்கள், அலை பழக்கம்தான். ஆறு என்ன பெரிய விஷயம்?

டர்பன் கடற்கரையில் மீன்பிடித்தும் அலையில் விளையாடியும் பழகியவர்களிடம் இருக்கும் தைரியம் நல்லது, கை கால் பழக்கம்தான் ஆபத்து. கடலில் அலை கடந்து போகும், நீங்கள் அதே இடத்தில் இருப்பீர்கள். ஆற்றில் அலை நின்ற இடத்தில் நிற்கும், தண்ணீரும் நீங்களும் கடந்து போவீர்கள். கடலில் கால் தட்டினால் எழுந்து நிற்போம். ஓடும் ஆற்றில் முழங்கால் ஆழத்துக்கு மேல் எழுந்து நிற்கவே கூடாது: பாதம் இரண்டு பாறைக்கிடையில் மாட்டினால், பின்னாலிருந்து தள்ளும் நீர் ஆளை முன்னால் கவிழ்த்து முகத்தை நீருக்கடியில் அழுத்திவிடும். இடுப்பளவு நீரில் ஆள் மூழ்கிச் சாவது இப்படித்தான். இன்னொன்று, உப்புத் தண்ணீரைப் போல நன்னீர் உங்களைத் தூக்கிப் பிடிக்காது.

விழுந்தால் என்ன செய்வது?

மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, கால்விரல் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்கவும். பாறை வந்தால் காலால் தள்ளலாம். மூச்சை அலையின் பள்ளத்தில் இழுங்கள், உச்சியில் அடக்குங்கள். வேகம் குறைந்ததும் குப்புறத் திரும்பி, கரையை நோக்கிச் சாய்வாக, பலமாக நீந்துங்கள். நிற்பது கையால் தரையைத் தொடும் ஆழத்தில் மட்டும்.

சாய்ந்து விழுந்த மரம் வழியில் இருந்தால் கதை வேறு. தண்ணீர் கிளைகளுக்குள் நுழைந்து போகும், ஆள் சல்லடையில் தேயிலை போல மாட்டுவார். அதை விட்டு விலகி நீந்துங்கள். தப்ப முடியாவிட்டால் தலையை முன்னால் வைத்து, கையால் பிடித்து மரத்தின் மேலே ஏறுங்கள்.

கவிழ்ந்த படகின் அடியில் வந்துவிட்டால், இரு கையையும் மேலே வைத்து ஒரே திசையில் 'நடந்து' வெளியே வாருங்கள். திசையை மாற்றி மாற்றித் தேடினால் வட்டம் சுற்றுவீர்கள். கரையிலிருந்து கயிறு எறிந்தால், அது வைத்திருக்கும் பையை அல்ல, கயிற்றைப் பிடித்து, தோளுக்கு மேலாக மார்பில் வைத்து மல்லாந்து இருங்கள். கையில் சுற்றிக்கொள்ளவே வேண்டாம்.

ஆஷ் போன்ற குளிர்ந்த நீரில் விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு தன் போக்கில் வேகமாக இழுக்கும். இது பயமல்ல, உடம்பின் இயல்பு. அந்த நிமிடம் மிதப்பது மட்டும் போதும்.

லைஃப் ஜாக்கெட் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எல்லாக் கொக்கிகளையும் போட்டு, பக்கவாரை இறுக்கி, பின்னால் ஒருவரை நின்று தோள் பகுதியை மேலே தூக்கச் சொல்லுங்கள். மோவாயைத் தாண்டி ஏறினால் பெரிது. சிறுவர்களுக்குக் கவட்டு வார் இல்லாமல் விடாதீர்கள். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும், தலையை ஆட்டினால் நகரக் கூடாது. துடுப்பின் மேல்முனையில் இருக்கும் 'டி' பிடியை ஒரு கையால் எப்போதும் மூடிப் பிடிக்க வேண்டும். படகில் பக்கத்தில் இருப்பவரின் பல்லை உடைப்பது பாறையைவிட இந்தப் பிடிதான்.

என்ன உடுத்துவது? தாலி, வளையல், கண்ணாடி?

பருத்தி வேண்டாம், நனைந்தால் கனமாகிக் குளிரும். நைலான் அரைக்கால் சட்டை, நீண்ட கைச் சட்டை, கயிறு கட்டும் பழைய டக்கிஸ் (கேன்வாஸ் காலணி). செருப்பு வேண்டாம், முதல் ரேப்பிட்டிலேயே போய்விடும். புடவை, துப்பட்டா, தொங்கும் எதுவும் கூடாது.

தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் நிறைய. ஜாக்கெட்டுக்குள் தோலோடு ஒட்டி, நீச்சல் உடைக்குள் செருகினால் போதும் என்று சில வழிகாட்டிகள் விடுவார்கள். எங்கள் கருத்து, கழற்றி வீட்டில் வையுங்கள். சங்கிலி மாட்டி அறுந்தால் கழுத்தை விட்டு அறுவதே நல்லது, அறாவிட்டால்தான் பயம். மோதிரம், வளையல், கொலுசு அவசியம் கழற்றுங்கள். மூக்குத்திக்கு மருத்துவப் பிளாஸ்டர். கண்ணாடிக்குக் கயிறு, பழைய கண்ணாடி இருந்தால் அதையே போடுங்கள்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள்?

நம் சமூகத்தில் சர்க்கரை அதிகம், சொல்லாமல் மறைப்பதும் அதிகம். மறைக்காதீர்கள். மருந்து எடுப்பவர்களுக்கு உழைப்பு சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடலாம். குளுக்கோஸ் மாத்திரையும் பழச்சாறும் வழிகாட்டியின் நீர்புகாப் பையில் இருக்கட்டும், உங்கள் பையில் அல்ல. ஆரஞ்சு ஆற்று வெயிலில் இன்சுலினைக் குளிர்பெட்டியில் வையுங்கள். இன்ஹேலர் சட்டைப் பையில் ஜிப் போட்டு இருக்கட்டும். கர்ப்பிணிகள், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தோள் அடிக்கடி நழுவுகிறவர்கள் ராஃப்டில் ஏற வேண்டாம். ஆயா, தாத்தா கரையில் இருந்து படம் எடுப்பதும் பயணத்தில் ஒரு வேலைதான்.

வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எங்கள் கணக்கு வயதல்ல: குழந்தைக்கு ஜாக்கெட் பொருந்த வேண்டும், ராஃப்டில் உட்கார்ந்தால் கால் உள்பக்கம் ஊன்ற வேண்டும், சொன்னதை உடனே செய்ய வேண்டும்.

தைப்பூசக் காவடிக்குப் பிறகு போகலாமா? புரட்டாசியில் சாப்பாடு?

தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது, அதாவது ஆறு நிறைந்திருக்கும் காலம். அலகு குத்திய காயம் முழுவதும் மூடும்வரை ஆற்று நீரில் இறங்க வேண்டாம். கால்நடை நீர் அருந்தும் ஆற்றுத் தண்ணீரில் கிருமி உண்டு. விரத நாளிலும் வேண்டாம், வெறும் வயிற்றில் குளிர் சீக்கிரம் பிடிக்கும்.

பயணச் சாப்பாடு பெரும்பாலும் பிராய், அதாவது கரியில் சுட்ட இறைச்சி. பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதுங்கள், தனிக் கம்பித்தட்டு வேண்டும் என்றும் எழுதுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால், போரவோர்ஸ் என்ற இறைச்சித் தொத்தைச் சுட்ட அதே தட்டில் மக்காச்சோளத்தை வைப்பார்கள். கேட்டால் தனியாகச் செய்பவர்கள் நிறைய.

முதலை, பில்ஹார்சியா?

கீழ்த் துகெலாவிலும் வடக்கே சூலுலாந்து ஆறுகளிலும் முதலை உண்டு. ஆஷில் கவலை இல்லை. எந்தப் பகுதியில் இறங்கி எந்தப் பகுதியில் ஏறுகிறோம் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

பில்ஹார்சியா வெதுவெதுப்பான, மெதுவாக ஓடும், நத்தை வாழும் நீரில் தோல் வழியாக ஏறும் புழு. குவாசூலு-நாட்டாலின் தாழ்நிலங்களில் அது இருக்கிறது. வேகநீரைவிட மதிய உணவுக்கு நிறுத்தும் தேங்கிய ஓரம்தான் அபாயம். வெளியே வந்ததும் உடம்பைத் துண்டால் நன்றாகத் துடையுங்கள். புழு இளசாக இருக்கும்போது பிராசிகுவாண்டெல் மருந்து சரியாக வேலை செய்யாது, பரிசோதனையிலும் தெரியாது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மருத்துவரிடம் போய், எந்த ஆற்றில் நனைந்தீர்கள் என்று சொல்லிப் பரிசோதியுங்கள். நடுவில் காய்ச்சல், தடிப்பு, சிறுநீரில் இரத்தம் வந்தால் காத்திருக்க வேண்டாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியே ஓடும் உம்சுண்டுசி ஆற்றில் துடுப்பு போடுகிறவர்கள் வயிற்றுப்போக்கை 'டுசி கட்ஸ்' என்பார்கள். அது வேறு, கழிவுநீரால் வருவது.

நிறுவனத்தை எப்படிச் சோதிப்பது?

தொலைபேசியில் இதைக் கேளுங்கள்: எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? க்ராக் பயணத்தில் நான்கு படகுக்கு, அதாவது எட்டுப் பேருக்கு, ஒருவருக்குக் குறைவென்றால் வேண்டாம். எந்த மட்டத்துக்கு மேல் போனால் ரத்து செய்வீர்கள்? உடனே ஓர் எண்ணோ, பாலத்தூணில் ஓர் அடையாளமோ சொல்ல வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்றால் அவர்களை விட்டுவிடுங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கும், செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் எப்படி உதவி கூப்பிடுவீர்கள் என்றும் கேளுங்கள். 10177 ஆம்புலன்ஸ், செல்லிலிருந்து 112. ஆனால் துகெலாப் பள்ளத்தாக்கில் சிக்னலே கிடைக்காமல் போகலாம்.

2014-ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டப்படி பணம் வாங்கி வழிகாட்டுபவர் பதிவு செய்திருக்க வேண்டும், அடையாள அட்டை இருக்கும். காட்டச் சொன்னால் அவமானப்படுத்துவது ஆகாது.

கையெழுத்து வாங்கும் படிவத்தில் 'எல்லாம் உங்கள் பொறுப்பு' என்று இருக்கிறதே?

படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 2008-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 49-ஆம் பிரிவில், அபாயத்தைத் தெளிவாகக் கண்ணில் படும்படி எழுத வேண்டும் என்கிறது. 51-ஆம் பிரிவின்படி மிக மோசமான அலட்சியத்துக்கான பொறுப்பைப் படிவத்தால் தட்டிக்கழிக்க முடியாது. உங்கள் மருத்துவ உதவித் திட்டம் சாகச விளையாட்டைச் சேர்க்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

வழிகாட்டி ஆங்கிலத்தில் கத்துவது அப்பாவுக்குப் புரியாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு இதை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். 'ஃபார்வர்ட்' முன்னே துடுப்பு, 'பேக்' பின்னே, 'ஸ்டாப்' நிறுத்து, 'கெட் டவுன்' ராஃப்டின் உள்ளே குனிந்து வெளிக்கயிற்றைப் பிடி, 'ஹை சைட்' உயரும் பக்கத்துக்கு எல்லோரும் தாவு. ஐந்தே சொல். சோபாவில் உட்கார்ந்து பத்துத் தடவை விளையாட்டாகச் சொல்லிப் பழகினால் போதும். பேரப்பிள்ளைகள் இதைச் செய்யச் சொல்லாமலே செய்வார்கள்.

நடுவில் பயந்துவிட்டால்?

ஒரு ரேப்பிட்டை விட்டுவிட்டுக் கரையோரம் நடந்து வரலாமா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். நல்ல வழிகாட்டி மறுக்கமாட்டார். கேலி செய்கிறவரோடு போகாதீர்கள்.

ஆஷ் முடித்துவிட்டோம். அடுத்தது ஜாம்பேசியா?

விக்டோரியா நீர்வீழ்ச்சிக்குக் கீழே உள்ள ஜாம்பேசி கிரேடு 5. ரேப்பிட்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். 9-ஆம் எண்ணில் வழிகாட்டிகளே படகைச் சுற்றிக்கொண்டு போவார்கள், பயணிகள் பாறைமேல் நடப்பார்கள். ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை நீர் குறைவாக இருக்கும் காலம்தான் முழுப் பயணத்துக்கு வசதி. அதற்கு முன் கிரேடு 3-இலாவது ஒருமுறை வேண்டுமென்றே தண்ணீரில் குதித்து நீந்திப் பாருங்கள், வழிகாட்டி பக்கத்தில் இருக்கும்போது. பிறகு முடிவு செய்யுங்கள். பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறுவதும் செங்குத்தான ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.